மாத்திரை உள்ளே போன பிறகு: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக நிற்கிறவனிடம் வரும் கேள்விகளில் பாதி விலையைப் பற்றியது. மீதியில் பெரும்பங்கு ஒரே கேள்வியின் பல வேஷங்கள்: விழுங்கின மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்யுது? சாயங்காலக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. "சாப்பிட்டுட்டு போடுங்க" என்று சொல்லி, கவரில் காலை, மதியம், இரவுக்குக் கோடு இழுத்துக் கொடுத்துவிடுகிறேன். அப்படி விட்டுப்போன பதில்கள் இவை. டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் வேலை. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

தலைவலி மாத்திரைக்கு, வலி தலையில்தான் என்று எப்படித் தெரிகிறது?

தெரியாது. பாராசிட்டமால் தலைக்கும் போகிறது, முழங்காலுக்கும் போகிறது, வலியே இல்லாத சுண்டுவிரலுக்கும் போகிறது.

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் ஊறி, உடைந்து, கரைகிறது. ஆனால் உறிஞ்சும் வேலை பெரும்பாலும் அங்கே நடப்பதில்லை, அதற்கடுத்த சிறுகுடலில்தான். சிறுகுடலின் உட்சுவர் டர்க்கி டவல் மாதிரி, நுண்ணிய இழைகளாகத் துருத்திக்கொண்டிருக்கும். வழவழத் துணியைவிட அந்த டவல் ஏன் அதிகம் தண்ணீர் குடிக்கிறதோ, அதே காரணத்தால் குடலும் மருந்தை உறிஞ்சுகிறது: பரப்பளவு.

அங்கே ரத்தத்தில் ஏறிய மருந்து நேராக இதயத்துக்குப் போய்விடாது. சிறுகுடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். மாநில எல்லைச் செக்போஸ்ட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சில சரக்கு தொடாமல் விடப்படும், சில சரக்கில் முக்கால்வாசி பிடிபடும். தப்பி வந்ததுதான் இதயம் வழியாக உடம்பெங்கும் பாய்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ரத்தம் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஒரு நிமிடம்.

எங்கும் போகிற மருந்து, தான் பிடித்துக்கொள்ளக்கூடிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கே வேலை செய்கிறது. பாராசிட்டமாலுக்கு அது பெரும்பாலும் மூளையும் தண்டுவடமும். கால்வலிக்குப் போட்டாலும் அது அதிகம் வேலை பார்ப்பது மேலேதான்.

போட்டு எவ்வளவு நேரத்தில் கேட்கும்?

சாதாரண பாராசிட்டமால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் இரைப்பை தன் வேலை முடியும்வரை கதவைத் திறந்து குடலுக்கு அனுப்பாது. பத்து நிமிடத்தில் கேட்கவில்லை என்று இன்னொன்றைப் போடுவது, பஸ் வரவில்லை என்று இன்னொரு டிக்கெட் வாங்குவது போலத்தான்.

ஒரு மடக்குத் தண்ணீரில் முழுங்கிவிட்டு உடனே படுக்காதீர்கள். டாக்சிசைக்ளின் மாதிரி சில மருந்துகள் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

சாப்பாட்டுக்கு முன், பின் என்பதெல்லாம் அவ்வளவு முக்கியமா?

சில மருந்துகளில் ரொம்ப. சிலவற்றில் சும்மா ஒரு ஞாபகக்குறிப்பு மட்டும்தான். எது எது என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம்.

தைராய்டு மாத்திரை, அதாவது லெவோதைராக்சின், முதல் வகை. எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஒரு அக்கா பல வருஷமாக அடுப்படியில் நின்றபடி மாத்திரையை வாயில் போட்டு ஃபில்டர் காபியில் முழுங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் அளவு சரியில்லை என்று மாத்திரையின் பவர் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையில் குறையே இல்லை. காபி அதைக் குடலில் ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் காபியைவிட மோசம். அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

கேஸ் மாத்திரை என்று எல்லாரும் வாங்கும் பான்டோபிரசோலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் ஓடத் தொடங்கும்போதுதான் இது அவற்றைப் பிடித்துப் பூட்ட முடியும். அவற்றை ஓடவைப்பது சாப்பாடு. வயிறு எரிந்த பிறகு போட்டு "கேட்கலையே தம்பி" என்றால் மருந்தின் மேல் தப்பில்லை.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பாலோடோ தயிரோடோ போட்டால், பாலின் கால்சியம் மருந்தைக் கட்டிப்போட்டு ஒரு பங்கை மலத்தோடு அனுப்பிவிடும். இரும்புச்சத்து மாத்திரைக்கு டீ எதிரி, எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் நண்பர்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைச் சாப்பிட்ட பின் போடச் சொல்வதற்குக் காரணம் உறிஞ்சல் இல்லை. இரைப்பைக்கு அது தரும் எரிச்சலைச் சோறு கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் என்பதுதான்.

ஊசி போட்டால் சீக்கிரம் கேட்குமே, பிறகு எதற்கு மாத்திரை?

நரம்பு ஊசியில் மருந்து முழுவதும் நேராக ரத்தத்தில் இறங்குகிறது, செக்போஸ்ட் கிடையாது. அவசரத்துக்கு அதுதான் வழி. ஆனால் தவறு நேர்ந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. சாதாரணக் காய்ச்சலுக்கு "ஒரு ஊசி போட்டாத்தான் சரிவரும்" என்று கேட்டு வாங்கிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம், அவ்வளவுதான். அரை மணி நேர வித்தியாசத்துக்காகப் புட்டத்தில் ஒரு வலியைக் கூடுதலாக வாங்குகிறீர்கள்.

ஊசி இல்லாமலும் கல்லீரலைச் சுற்றிப் போகும் வழி உண்டு. நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதற்குத்தான். அங்குள்ள ரத்தக்குழாய்கள் குடல் வழியைத் தொடாமல் நேராக இதயத்துப் பக்கம் போகின்றன. சில நிமிடங்களில் வேலை செய்யும். அதை விழுங்கிவிட்டால் பெரும்பகுதி கல்லீரலிலேயே காலி, மீதி வருவதற்கும் நேரமாகும்.

இன்ஹேலரும் இந்தக் குறுக்குவழிதான், நோய் இருக்கிற நுரையீரலுக்கே. "இன்ஹேலர் ரொம்ப பவர், பழகிடும், மாத்திரையே குடுங்க" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் மாத்திரை 4 மி.கி. இன்ஹேலரில் இரண்டு இழுப்பு 200 மைக்ரோகிராம், அதாவது 0.2 மி.கி. இருபதில் ஒரு பங்கு. கை நடுக்கமும் படபடப்பும் அதிகம் தருவது எது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

பெரிய மாத்திரையை உடைத்தோ பொடித்தோ போடலாமா?

நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரை என்றால் பெரும்பாலும் உடைக்கலாம். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர் என்று ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பொடிக்கவே கூடாது. கோடு இருந்தால்கூட எங்களைக் கேட்டுவிட்டு இரண்டாக உடையுங்கள். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய மருந்து, பொடித்தால் ஒரே மூச்சில் இறங்கிவிடும். பான்டோபிரசோல் வேறு கதை. இரைப்பை அமிலம் அதை அழித்துவிடும் என்பதால் மேலே ஒரு பூச்சு பூசி, குடலுக்குப் போய்க் கரையும்படி செய்திருக்கிறார்கள். நசுக்கினால் பூச்சு போயிற்று, மருந்தும் போயிற்று.

ஒருநாள் காலை, கடை திறந்ததும் ஒரு பெரியவர் நியூஸ்பேப்பரில் மடித்த ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். "பாருங்க சார், நீங்க குடுத்த சுகர் மாத்திரை அப்படியே முழுசா வெளிய வந்திருக்கு. போலி மாத்திரையா விக்கிறீங்க?" கழுவித்தான் கொண்டுவந்திருந்தார், அந்த வகையில் நன்றி. அழுத்திக் காட்டினேன்: உள்ளே ஒன்றுமில்லை, கொழகொழவென்ற வெறும் கூடு. மெட்ஃபார்மின் எஸ்ஆர் மாத்திரை ஊறி ஜெல்லாகி, மருந்து வழியெல்லாம் கசிந்து தீர்ந்த பிறகு, கூடு மட்டும் வெளியே வருவது உண்டு. அவர் நம்பினாரா தெரியாது. அடுத்த மாசமும் எங்களிடமே வாங்கினார்.

அவில் போட்டால் தூக்கம் தள்ளுகிறது, ஃபெக்சோஃபெனடின் போட்டால் வருவதில்லை. இரண்டும் அலர்ஜி மாத்திரைதானே?

மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் மற்ற இடங்களைப் போல இல்லை. செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நிற்கும். கொழுப்பில் சுலபமாகக் கரையும் மருந்துகள் அதைக் கடந்துவிடும். அவில் அப்படிப்பட்டது. உள்ளே போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை மறிக்கிறது, கண் சொருகுகிறது. ஃபெக்சோஃபெனடின் கிட்டே போனாலும் அந்தச் சுவரிலுள்ள ஒரு பம்பு பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. செட்டிரிசின் இரண்டுக்கும் நடுவில்: சிலருக்குத் தூக்கம், சிலருக்கு இல்லை. வண்டி ஓட்டுகிறவர்கள் மாத்திரை வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சுவரால் வந்த இன்னொரு தந்திரம் பார்க்கின்சன் மருந்து. அந்த நோயில் மூளையில் குறைவது டோபமின் என்ற ரசாயனம். அதையே கொடுத்தால் உள்ளே நுழையாது. அதனால் நுழையக்கூடிய லெவோடோபாவைக் கொடுத்து, உள்ளே போன பிறகு டோபமினாக மாறவிடுகிறார்கள்.

கல்லீரல் மருந்தை என்ன செய்கிறது? டோலோ அதிகம் போட்டால் கல்லீரல் கெடும் என்பது உண்மையா?

சிறுநீரகம் தண்ணீரில் கரைவதைத்தான் சுலபமாக வெளியே தள்ளும். பல மருந்துகள் கொழுப்பில் கரைகிறவை. அவற்றை வெட்டி, ஒட்டி, தண்ணீரில் கரைகிற பொருளாக்குவது கல்லீரலின் என்சைம்கள்.

டோலோவில் இருப்பது பாராசிட்டமால்தான், அதில் இதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெரும்பகுதியோடு கல்லீரல் ஒரு சர்க்கரைத் துண்டையோ சல்பேட்டையோ ஒட்டி, சத்தமில்லாமல் அனுப்பிவிடும். 5 முதல் 10 சதவீதம் மட்டும் வேறு பாதையில் போய் ஒரு நச்சுப்பொருளாகிறது. அதைக் குளூட்டாதயோன் என்ற காவல்காரன் உடனுக்குடன் அமுக்கிவிடுவான். சரியான அளவில் போடும்வரை பிரச்சினையே இல்லை. அளவு மீறும்போது நல்ல பாதை நிரம்பிவிடுகிறது, அதிகம் மருந்து நச்சுப்பாதைக்குத் திரும்புகிறது, குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. பிறகு அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். 650 மி.கி மாத்திரையில் ஆறு போட்டால் 3.9 கிராம், எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். குடிப்பவர்களுக்கும், கல்லீரல் கோளாறோ எடை குறைவோ உள்ளவர்களுக்கும் எல்லை இதைவிடக் கீழே. நான் அதிகம் பார்க்கும் தவறு, தெரியாமல் சேர்வது: காய்ச்சலுக்கு ஒரு டோலோ, ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை, உடம்புவலிக்கு இன்னொன்று. மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

அளவு மீறிவிட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் இருப்பார்கள். அதை நம்பி வீட்டில் இருக்கவே கூடாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். உடனே ஆஸ்பத்திரி.

அப்படியானால் கல்லீரல் எப்போதும் மருந்தை அழிக்கத்தான் செய்யுமா?

இல்லை, சில மருந்துகளுக்கு உயிர் கொடுப்பதே அதுதான். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் குளோபிடோகிரெல், கல்லீரல் தொடும்வரை வெறும் பொடி. அதை மாற்றும் என்சைமை ஒமிபிரசோல் என்ற இன்னொரு கேஸ் மாத்திரை மறிக்கிறது. இதய டாக்டர்கள் கேஸ் மாத்திரையாகப் பான்டோபிரசோலை எழுதுவது இதனால்தான். "இதுவும் அதுவும் ஒண்ணுதானே, விலை கம்மியா இருக்கிறதக் குடுங்க" என்று எங்களிடம் மாற்றிக் கேட்காதீர்கள்.

ஒரு மாத்திரை 3 வேளை, இன்னொன்று ஒரே வேளை. ஏன்?

ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அது சுமார் 1 மணி நேரம். 500 மி.கி உள்ளே போனது என்று வைத்துக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 250, 125, 62, 31, 16, 8, 4, 2. எட்டு மணி நேரத்தில் மிச்சம் 2 மி.கி. அதனால் அடுத்த வேளையைத் தள்ளிப்போட்டால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். 3 வேளை என்பது காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, ராச்சாப்பாடு என்று பகலுக்குள் நெருக்கிப் போடுவது இல்லை. கூடியவரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை.

பிரஷர் மாத்திரை அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். ஒரு வேளை போதும். ஆனால் இன்று போட்டு நாளைக்கே பிரஷர் இறங்கவில்லை என்று பதறக்கூடாது. தினமும் உள்ளே போவதும் வெளியேறுவதும் சமமாக ஐந்து அரை ஆயுள் ஆகும், இங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ. லெவோதைராக்சினுக்கு ஒரு அரை ஆயுளே சுமார் 7 நாள். டோஸ் மாற்றினால் 6 வாரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்கச் சொல்வது இந்தக் கணக்கால்.

கணக்கு உதைக்கும் இடமும் உண்டு. பான்டோபிரசோலின் அரை ஆயுள் 1 மணி நேரம்தான், ஆனால் ஒரு நாள் தாங்கும். மருந்து போய்விட்டாலும் அது பூட்டிய பம்புகள் பூட்டியபடியே இருக்கும், உடம்பு புதுப் பம்பு செய்யும்வரை.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். கருத்தடை மாத்திரை, வலிப்பு மாத்திரை போன்றவற்றுக்குத் தனி விதி உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிப்பு மாத்திரையில் கொஞ்சம் கூட்டியதற்கே நடை தள்ளாடுகிறது. ஏன்?

பெனிடாயின் என்றால் அதற்கு வாய்ப்பு உண்டு. பெரும்பாலான மருந்துகளில் டோஸ் இரட்டித்தால் ரத்தத்தில் அளவும் இரட்டிக்கும். பெனிடாயினில் கல்லீரலின் என்சைம் ஒரு கட்டத்தில் திணறிவிடும். டோல்கேட்டில் ஒரே கவுண்டர் திறந்திருக்கும் நாள் மாதிரி: பத்து வண்டி கூடுதலாக வந்தால் வரிசை பத்து வண்டிக்கு மட்டும் நீளாது, நீண்டுகொண்டே போகும். 300 மி.கி-யை 400 ஆக்கினால் ரத்த அளவு இரண்டு மடங்குகூட ஆகலாம். தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல். சாராயமும் கல்லீரலுக்கு இதே கதைதான்: எவ்வளவு குடித்தாலும் மணிக்கு இவ்வளவு என்றுதான் எரிக்கும். மோர் குடித்தாலோ தலையில் தண்ணீர் ஊற்றினாலோ அது வேகமெடுக்காது.

காசநோய் மாத்திரை போட்டதிலிருந்து சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?

ரிஃபாம்பிசின் நிறமே அதுதான். கண்ணீரும் வியர்வையும்கூடச் சாயம் ஏறும். மருந்து வெளியேறும் பாதையைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். ஆனால் கண்வெள்ளை மஞ்சளானால் அது வேறு, உடனே காட்டுங்கள். ரிஃபாம்பிசின் கல்லீரல் என்சைம்களைத் தூண்டிவிடுவதால் கருத்தடை மாத்திரை போன்ற பல மருந்துகள் வழக்கத்தைவிட வேகமாக அழியும். வேறு என்ன மருந்து போட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சிறுநீரில் மருந்து போவது என்றதும் எனக்கு 1941 நினைவுக்கு வரும். ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த பிப்ரவரியில் பெனிசிலின் போட்டுப் பார்த்தார்கள். உடம்பு தேறத் தொடங்கியது. உலகத்தில் இருந்த பெனிசிலினோ கையளவு. சிறுநீரகம் அதைப் போட்ட வேகத்தில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதனால் அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து, திரும்ப அவருக்கே செலுத்தினார்கள். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்தது. மார்ச்சில் இறந்துபோனார்.

மெட்ஃபார்மினும் கல்லீரல் மாற்றாமல் அப்படியே சிறுநீரில் போகிற மருந்து. சர்க்கரைக்காரர்களுக்கு, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்க்கச் சொல்வதில் ஒரு காரணம் இது: வெளிவாசல் அடைத்தால் மருந்து உள்ளே தேங்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அருமையாகக் கேட்ட மாத்திரை எனக்கு ஏன் கேட்கவில்லை?

வயது, எடை, சிறுநீரகம் எல்லாம் போக, பிறவியிலேயே என்சைம்கள் ஆளுக்கு ஆள் வேறு. காசநோய்க்கான ஐசோனியசிட்டைச் சிலர் உடம்பு வேகமாக மாற்றும், சிலருடையது மெதுவாக. நம்மில் மெதுவானவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கை கால் மதமதப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான் கூடவே வைட்டமின் பி6 கொடுக்கிறார்கள். அவருடைய சீட்டை வைத்து உங்களுக்கு வாங்க வராதீர்கள்.

நாட்டு மருந்துதானே, இங்கிலீஷ் மருந்தோடு சேர்ந்தால் என்ன?

சித்த மருத்துவத்திலேயே அனுபானம் என்று ஒன்று உண்டு: தேனில் குழைத்து, நெய்யில், வெந்நீரில் என்று. எதோடு உள்ளே போகிறது என்பது முக்கியம் என்று அவர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள். திரிகடுகத்தில் இருக்கும் மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்ற காரச்சத்து உள்ளது. அது குடலிலும் கல்லீரலிலும் சில என்சைம்களை மறித்து, கூடப்போகும் மருந்தை அதிகம் உள்ளே விடுகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல், பைப்பரின் சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது சுமார் 20 மடங்காவதைக் காட்டினார்கள். (தனியாக ஏறுவது கிட்டத்தட்டப் பூஜ்யம் என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.) ஜம்முவிலுள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகத்தின் வேலையிலிருந்து, 10 மி.கி பைப்பரின் சேர்த்து ரிஃபாம்பிசினை 200 மி.கி-யாகக் குறைத்த மாத்திரையே வந்தது.

இதே கதவு வேண்டாத இடத்திலும் திறக்கும். பெனிடாயின் அளவையும் பைப்பரின் ஏற்றும். தினப்படி ரசத்து மிளகுக்கு உங்கள் டோஸ் ஏற்கெனவே பழகியிருக்கும். புதிதாகத் தொடங்கும் சூரணமும் மஞ்சள் காப்ஸ்யூலும்தான் கணக்கைக் கலைக்கும். பம்பளிமாஸ் பழத்துக்கும் இதே எச்சரிக்கை: கிரேப்ஃப்ரூட்டின் சொந்தக்காரப் பழம், குடல் என்சைமை மறிக்கும். சில கொலஸ்ட்ரால் மாத்திரை, சிறுநீரக மாற்று செய்தவர்கள் போடும் மாத்திரையெல்லாம் ஏறிவிடும்.

குழந்தைக்குப் பெரியவர்கள் மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாமா?

வேண்டாம். குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் வேலை பழகவில்லை. குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தை வெளியேற்ற முடியாமல் பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்த சம்பவங்கள் 1950-களின் கடைசியில் உலகத்துக்குத் தெரியவந்தன. குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு. மருந்துப் புட்டியோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். சமையலறை ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. சங்கில் புகட்டுவதானாலும் முதலில் அளந்து, பிறகு சங்கில் ஊற்றுங்கள்.

மாத்திரையை டீயில் முழுங்கலாமா? தண்ணீர் பக்கத்தில் இல்லை.

கடையில் கேட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் தருவோம்.